லான்ஸ்டவுன் வாசலில் நகராத முப்பத்து மூன்று

இந்தப் பக்கத்தில் நான் கடைசியாகப் பயணம் பற்றி எழுதி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. "எழுதுவதை விட்டுவிட்டீர்களா?" என்று கேட்டவர்களிடம் வேலை அதிகம் என்று சொல்லிச் சமாளித்தேன். உண்மை என்னவென்றால் எழுதுவதற்கு ஒன்றும் இல்லை, ஏனென்றால் நான் எங்கும் போகவில்லை. போன ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை நானும் என் வீட்டுக்காரரும் டெல்லி துவாரகாவிலிருந்து காரில் கிளம்பி லான்ஸ்டவுன் போய், இரண்டு இரவு தங்கி, திங்கட்கிழமை திரும்பினோம். அந்தக் கதைதான் இது.

லான்ஸ்டவுன் உத்தராகண்டில், சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் உள்ள சின்ன மலையூர். பட்டாளத்து ஊர் என்பதால் அமைதி அதிகம், கடைகள் குறைவு. டெல்லிக்காரர்கள் வார இறுதியில் போய்வரத் தோதான தூரம். ஆனால் இந்தக் கட்டுரையில் ஊரைவிடக் காரின் டாஷ்போர்டில் மின்னும் ஓர் எண்ணைப் பற்றித்தான் அதிகம் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணை நம்பி நாங்கள் ஊர் வாசல் வரை போய்விட்டு அப்படியே வண்டியைத் திருப்பப் பார்த்தோம்.

முதலில் ஏன் எங்கும் போகவில்லை என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு நரம்புகளைச் சுற்றியிருக்கும் உறை அங்கங்கே கெட்டுப்போகும் நோய் இருக்கிறது. மாத்திரையில் கட்டுக்குள்தான் இருக்கிறது, பயப்படாதீர்கள். ஆனால் உடம்பு சூடானால் கண் மங்கும், கால் இரண்டும் ஈர மணல் மூட்டை மாதிரி கனக்கும். குளிர்ந்தால் எல்லாம் பழையபடி வந்துவிடும். டாக்டர் இதைச் சொல்லும்போது, "இது வெறும் பயமுறுத்தல், இதனால் புதிதாகச் சேதம் ஏதும் ஆகாது" என்றுதான் சொன்னார். நான் அந்த வரியைப் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்காரர் 'சூடு' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார்.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. நோய் இன்னதென்று தெரிவதற்கு முன்னால், ஒரு மே மாதத்து மதியம் கரோல் பாகில் என்னைத் துணிக்கடை வாசலில் இறக்கிவிட்டுக் கார் நிறுத்த இடம் தேடிப் போனார். திரும்பி வரும்போது நான் கடைப் படியில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறேன், எதிரே நிற்பவர் யார் என்று எனக்குத் தெரியவில்லை. "நான்தான், நான்தான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் முகம் எனக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டமாகத்தான் தெரிந்தது. தோளைப் பிடித்த கை மட்டும் நன்றாக நடுங்கியது.

என் வீட்டுக்காரர் பெயர் பாண்டியன். விருதுநகர் பக்கம். ஏர்போர்ட் சரக்குப் பிரிவில் குளிர்கிடங்குக்குப் பொறுப்பாளர். தடுப்பூசி, இன்சுலின் போன்ற மருந்துகள் விமானத்தில் ஏறும் வரை இரண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் இடையிலேயே இருக்கவேண்டும். ஒன்பதுக்குப் போனால் அன்று யாருக்கும் சாப்பாடு இறங்காது. இருபது வருடமாக இந்த வேலை பார்த்த மனிதர் பெண்டாட்டியை எப்படிப் பார்த்துக்கொள்வார்? இன்னொரு பார்சலாகத்தான் பார்த்துக்கொண்டார்.

எனக்கென்று ஒரு எண்ணும் நிர்ணயித்தார். இருபத்தாறு. டாக்டர் சொன்னது இல்லை. வீட்டில் ஏசியை இருபத்தாறில் வைத்தால் நான் நன்றாக இருப்பதைப் பார்த்து அவரே முடிவு செய்தது. கார் டாஷ்போர்டில் வெளி வெப்பநிலை இருபத்தாறு அல்லது அதற்குக் கீழே காட்டினால் நான் இறங்கலாம். அதற்கு மேல் என்றால் உட்கார்ந்தபடியே எல்லாம் நடக்கும். கோயில் கோபுரத்தைக் கண்ணாடி வழியாகக் கும்பிட்டிருக்கிறேன். லோதி ரோடுப் பக்கம் ஒரு பள்ளியில் சின்ன வகுப்புகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்துவந்த வேலையை விட்டேன், ஏனென்றால் பஸ் ஸ்டாப்பிலிருந்து பள்ளி வரை நடக்கும் தூரத்துக்கு அந்த எண் வருடத்தில் பாதி நாள் ஒத்துழைக்காது. கல்யாண வீட்டு வாசலில் காரிலேயே இருந்து மணமக்களை வரவழைத்து அட்சதை போட்ட கூத்தும் உண்டு. சிரிப்பாகத்தான் இருக்கும். இரண்டு வருடம் என்றால் சிரிப்பு வராது.

எனக்கு நடக்கவேண்டும். அவ்வளவுதான் ஆசை. ஏதாவது ஒரு சாலையில், யார் கையையும் பிடிக்காமல், ஒரு கிலோமீட்டர். பூனாவில் ஹாஸ்டலில் இருக்கும் மகளிடம் போனில் சொன்னபோது, "பாப்பா கோ மனாவோ மா, ஹில்ஸ் போங்க" என்றாள். அப்பாவைச் சம்மதிக்க வை என்கிறாள். டெல்லியில் பிறந்து வளர்ந்தது, அப்படித்தான் பேசும். அந்தப் பாப்பாவின் மனசை மாற்ற எனக்கு மூன்று வாரம் பிடித்தது. கடைசியில் அவர் ஒரே நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார்.

"செல்வி, போறது போவோம். ஆனா அங்க போயி இருபத்தாறு காட்டலேன்னா வண்டிய விட்டு எறங்கக் கூடாது. ரூம்லயும் ஏசி கெடையாதுன்னு ஓட்டல்காரன் சொல்லுறான். அதனால நேரா அடிவாரத்துல கோட்துவாருக்குத் திரும்பிருவோம். அங்க ஏசி ரூம் இருக்கு. சரியா?"

"சரி." மலை மேலே இருபத்தாறு இல்லாமல் எங்கே போய்விடும் என்று எனக்கு ஒரு தைரியம்.

சனிக்கிழமை காலை 4.45-க்குக் கிளம்பினோம். பின் சீட்டில் ஒரு ஐஸ்பெட்டி. அதில் குளிர்கிடங்கில் மருந்துகளுக்கு வைப்பது போன்ற நீல ஜெல் பைகள் ஆறு, ஒவ்வொன்றும் துண்டில் சுற்றியது. பெட்டிக்குள் எவ்வளவு குளிர் என்று பார்க்க ஒரு சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர், கம்பி வைத்தது. நான் ஏறி உட்கார்ந்ததும் கழுத்துக்குப் பின்னால் ஒரு ஜெல் பையை வைத்துவிட்டு, ஓட்டுநர் பக்கக் கதவில் இருக்கும் ஜன்னல் பூட்டுப் பொத்தானை அழுத்தினார். சின்னப் பிள்ளைகள் ஜன்னலைத் திறந்துவிடாமல் இருக்க வைத்திருப்பார்களே, அதுதான். எனக்கு வயது நாற்பத்தாறு.

எங்கள் குடியிருப்பின் தரைக்கீழ் பார்க்கிங்கில் டாஷ்போர்டு 34 காட்டியது. வெளியே வந்து துவாரகா சாலையில் கொஞ்ச தூரம் ஓடியதும் 30. "பேஸ்மெண்ட்ல காத்தே இல்ல" என்றார் பாண்டியன். நானும் ஆமாம் என்றேன். இப்போது யோசித்தால் எங்கள் கண்ணெதிரே எல்லாமே இருந்திருக்கிறது.

வழியை விரும்புகிறவர்களுக்காக: துவாரகாவிலிருந்து நகரைத் தாண்டி டெல்லி–மீரட் விரைவுச் சாலை, மீரட்டிலிருந்து மவானா, மீராப்பூர் வழியாக பிஜ்னோர், அங்கிருந்து நஜீபாபாத், பிறகு கோட்துவார், பிறகு மலை. எங்கள் மீட்டரில் மொத்தம் 283 கிலோமீட்டர். விடியற்காலையில் கிளம்பியதால் மீரட் வரை ஒன்றே முக்கால் மணி நேரம்தான் ஆனது. மவானா தாண்டினால் இரண்டு பக்கமும் கரும்பும் மாந்தோப்பும். ஆறு வழிச் சாலை கிடையாது, ஆகவே கரும்பு டிராக்டரைத் தாண்டும்போது அவசரப்படாதீர்கள்.

பிஜ்னோருக்கு முன்னால் கங்கையின் குறுக்கே பெரிய அணை வருகிறது. பாலத்தில் நிறுத்தக் கூடாது, அதைத் தாண்டி ஓரமாக நிறுத்தி எல்லோரும் தண்ணீர் பார்க்கிறார்கள். நாங்களும் நிறுத்தினோம். எண் 33. பாண்டியன் மட்டும் இறங்கிப் போய், கங்கையை எனக்காக போனில் வீடியோ எடுத்துக்கொண்டு வந்தார். கண்ணாடிக்கு உள்ளே உட்கார்ந்து, கண்ணாடிக்கு வெளியே இருக்கும் ஆற்றை, இன்னொரு கண்ணாடியில் பார்த்தேன். "நல்லா இருக்கு" என்றேன். அவருக்கு ரொம்பச் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வரவில்லை என்பதுதான் என் இரண்டு வருடக் கதை.

காலை உணவு நஜீபாபாத்தில் ஒரு தாபாவில். ஆலு பராட்டா ஒன்று ₹60, தயிர் ₹30, டீ ₹20. எனக்குக் காருக்கே வந்தது. கோட்துவாரை அடைந்தபோது மணி 10.20, வெளியே 37. இங்கே பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள், கழிவறைக்கும் இங்கேயே போய்விடுங்கள். மலையில் 42 கிலோமீட்டருக்கு நல்ல இடம் அமைவது கடினம். நான் பெட்ரோல் பங்கில் ஜெல் பையைக் கழுத்தில் வைத்துக்கொண்டே போய்வந்தேன், அவர் குடை பிடித்துக்கொண்டு கூடவே வந்தார். பங்கில் வேலை பார்த்தவர்கள் எங்களைப் பார்த்த பார்வையை இங்கே விவரிக்கப் போவதில்லை.

கோட்துவாரைத் தாண்டியதும் சாலை ஆற்றை ஒட்டி வளைந்து ஏறத் தொடங்குகிறது. துகட்டா என்ற சின்ன ஊரைத் தாண்டினால் பைன் மரங்கள். எண் இறங்க ஆரம்பித்தது. 36. 35. 34. ஒவ்வொரு எண்ணுக்கும் நான் வாய்விட்டுச் சொன்னேன், அவர் "அச்சா" என்று தலையாட்டினார். எனக்குத் தேர்வு முடிவு பார்க்கிற மாதிரி இருந்தது. 33 வந்தது. அப்போதுதான் ஒரு டூரிஸ்ட் டெம்போவின் பின்னால் மாட்டிக்கொண்டோம். முந்திப்போக வழியில்லை. எங்கள் பின்னாலும் வண்டிகள் சேர்ந்தன. கடைசி ஆறேழு கிலோமீட்டர் நத்தை வேகம், ஊர் வாசலுக்குச் சுமார் ஒரு கிலோமீட்டர் முன்னால் சுத்தமாக நின்றேவிட்டோம்.

காரணம் இதுதான்: ஊருக்குள் நுழையும் வண்டிகளிடம் கட்டணம் வாங்க ஒரு தடுப்பு இருக்கிறது. சனிக்கிழமை மதியம் டெல்லியே அங்கு வந்து நிற்கிறது. மணி 12.15. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு கார் நீளம் நகர்வோம், மறுபடி நிற்போம். முன்னால் டெம்போ கரும்புகை விட்டுக்கொண்டு நிற்கிறது. எங்கள் வண்டியில் என்ஜின் ஓடுகிறது, ஏசி முழு வேகத்தில் ஓடுகிறது, ஜன்னல்கள் பூட்டியிருக்கின்றன. டாஷ்போர்டில் 33.

அரை மணி நேரம் போனது. 33. நான் எண்ணைப் பார்ப்பதும் அவரைப் பார்ப்பதுமாக இருந்தேன். அவர் எண்ணை மட்டும் பார்த்தார்.

"இம்புட்டு ஒயரத்துக்கு வந்தும் முப்பத்து மூணு. இந்த வருசம் வெயிலு அப்பிடி" என்றார். "செல்வி, நமக்கு இது தோதுப்படாது. ராத்திரிக்கு ரூம்ல வெறும் ஃபேன்தான்."

"இன்னுங் கொஞ்சம் பாப்பமே. தடுப்பத் தாண்டுனா எறங்கும்."

"தடுப்பு இந்தா இருக்கு, ஒரு கிலோமீட்டர். அதுக்குள்ள ஏழு டிகிரியா எறங்கிரும்?" குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "நீ கண்ணு தெரியாம அங்கிட்டு எங்கயாச்சும் தடுமாறுனா, ஒரு பக்கம் பூரா பள்ளம். நான் என்ன செய்வேன்?"

வலது பக்கம் சாலை கொஞ்சம் அகலமாக இருந்தது. பின்னால் நின்ற கார்க்காரரிடம் கையைக் காட்டிவிட்டு அவர் வண்டியைத் திருப்ப ஸ்டீயரிங்கை ஒடித்தார். இருநூற்று எண்பது கிலோமீட்டர் வந்து, ஓர் எண்ணின் வாசலில் நின்று, திரும்பிப் போகிறோம். இனி கேட்கவே மாட்டேன் என்று அந்த நிமிடம் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். கேட்காமல் இருக்கப் பழகிவிட்டால் அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.

வண்டி பாதி திரும்பியதில் என் பக்க ஜன்னல் மலைச்சரிவைப் பார்த்து நின்றது. அங்கே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து ஒரு பெண் காஃபல் விற்றுக்கொண்டிருந்தார். காஃபல் என்பது இந்த மலைகளில் கோடையில் பழுக்கும் சின்னச் சிவப்புப் பழம், நம் ஊர் ஈச்சம்பழத்தைவிடச் சிறியது. கூடையில் பழம், பக்கத்தில் காகிதப் பொட்டலங்கள், சின்னத் தட்டில் உப்பு. எல்லாம் சரி. அந்தப் பெண் ஸ்வெட்டர் போட்டிருந்தார். மெரூன் நிறத்தில், கழுத்து வரை பொத்தான் போட்ட கம்பளி ஸ்வெட்டர். அது போதாதென்று தலைமுக்காட்டை இழுத்துக் கழுத்தைச் சுற்றிச் செருகிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, நிறுத்துங்க. அந்தம்மாவப் பாருங்க."

"வேணும்னா வாங்கித் தாரேன். திருப்பிட்டு வாங்குறேன்."

"பழம் இல்லங்க. ஸ்வெட்டர். முப்பத்து மூணு டிகிரில எவளாவது கம்பளி போட்டுக்கிட்டு உக்காந்திருப்பாளா?"

அவர் பார்த்தார். "மலக்காரங்க. அவங்களுக்குப் பழக்கம்."

"முப்பத்து மூணுல ஸ்வெட்டர் போடப் பழக்கமா?"

பின்னால் ஹாரன்கள். நான் என் பக்க ஜன்னல் பொத்தானை அழுத்தினேன். பூட்டியிருக்கிறதென்று தெரிந்தே அழுத்தினேன். 'டக்' என்று ஒரு சத்தம், ஜன்னல் அசையவில்லை. இன்னொரு தடவை அழுத்தினேன். அவர் என் விரலைப் பார்த்தார்.

"பூட்ட எடுங்க" என்றேன்.

"செல்வி..."

"கை மட்டும் நீட்டிப் பாக்குறேன். மொகத்த நீட்டல. கை."

அவர் பூட்டை எடுக்கவில்லை. ஆனால் தன் பக்கத்துப் பொத்தானால் என் ஜன்னலை ஒரு விரல் அகலத்துக்கு இறக்கினார், கிடங்குக் கதவைத் திறக்கிற மாதிரி அவ்வளவு யோசனையோடு. அந்த இடுக்கு வழியாக ஒரு காற்று வந்து என் கன்னத்தில் பட்டது. பைன் வாசனை. குளிர். ஏசியின் குளிர் ஒரே இடத்தில் குத்தும், இது முகம் முழுக்கப் பரவியது. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை.

"பெஹன்ஜி, காஃபல் லேங்கி?" பழம் வேண்டுமா என்று அந்தப் பெண் எழுந்து வந்து இடுக்கு வழியாகக் கேட்டார்.

"பாஹர் கர்மி ஹை க்யா?" வெளியே சூடா என்று நான் திருப்பிக் கேட்டேன்.

அவருக்கு நான் கிண்டல் செய்கிறேனோ என்று சந்தேகம். ஸ்வெட்டர் கையைத் தொட்டுக் காட்டினார். "கர்மி? சுபஹ் சே டண்ட் ஹை, பெஹன்ஜி. ராத் பாரிஷ் ஹுயி." இரவு மழை பெய்ததாம், காலையிலிருந்தே குளிராம்.

பாண்டியன் வண்டியை ஓரம்கட்டி, என்ஜினை அணைத்து, இறங்கினார். இறங்கியவர் அப்படியே நின்றார். அரைக்கைச் சட்டை. கை மயிர் சிலிர்த்திருக்கவேண்டும், இரண்டு கைகளையும் தேய்த்துக்கொண்டார். பிறகு முன்னால் போய் பம்பருக்குக் கீழே குனிந்து, கிரில் பக்கம் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சட்டென்று கையை எடுத்தார். அடுப்பில் இருக்கும் பாத்திரத்தைத் தொட்டவர் மாதிரி.

என் ஜன்னலுக்கு வந்து குனிந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"கதவோர மீட்டர், செல்வி."

"என்னது?"

"கிடங்குல கதவோரமா ஒரு மீட்டர் இருக்கும். யாராச்சும் கதவத் தொறந்து வச்சா வெளிச் சூடு அது மேல படும், உள்ள சரக்கு ஜில்லுனு இருக்கும்போதே அது பன்னெண்டு காட்டும். புதுசா வர்ற பசங்க அதப் பாத்துப் பதறுவாங்க. 'மீட்டர் எங்க இருக்குன்னு பாருடா மொதல்ல'ன்னு நாந்தான் வைவேன்." பம்பரைக் கையால் காட்டினார். "நம்ம வண்டி மீட்டரு என்ஜினுக்கு முன்னால இருக்கு. நிக்கிற வண்டில. டெம்போ புகைல. இத நான் பாக்கவே இல்ல."

இருபது வருடமாக மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததைத் தன் வண்டியில் ஒருநாளும் யோசிக்கவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. கரோல் பாக் படியில் என் தோளில் நடுங்கிய கைதான் காரணம் என்று எனக்குத் தெரியும். பயந்துபோன மனிதருக்கு ஓர் எண் கிடைத்தால் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

அவர் பின் கதவைத் திறந்து ஐஸ்பெட்டியில் கையை விட்டார். அந்தச் சின்னத் தெர்மாமீட்டரைத் தேடுகிறார் என்று புரிந்தது.

"வேணாங்க" என்றேன். "நான் எறங்குறேன்."

கதவைத் திறந்து கால் வைத்தேன். தார் ரோடு, ஓரத்தில் பைன் ஊசிகள். எழுந்து நின்றேன். டெம்போவின் நம்பர் பிளேட்டை வாசித்துப் பார்த்தேன், எல்லா எழுத்தும் தெளிவாகத் தெரிந்தது. காஃபல் ஒரு பொட்டலம் ₹40. உப்புத் தூவி வாங்கிக்கொண்டு, "நீங்க வரிசைல வாங்க, நான் நடக்குறேன்" என்று சொல்லிவிட்டு மேலே நடக்க ஆரம்பித்தேன்.

வரிசையைவிட நான் வேகம்! கார்களுக்குள் இருந்தவர்கள் என்னைப் பொறாமையோடு பார்த்ததாக ஞாபகம், ஒருவேளை நானே கற்பனை செய்துகொண்டேனோ என்னவோ. புளிப்பும் இனிப்புமாகக் காஃபல், நடுவில் கொட்டை. பாதி வழியில் மூச்சு வாங்கியது, ஒரு மதில்மேல் உட்கார்ந்தேன். கால் கனக்கவில்லை, இரண்டு வருடம் நடக்காத சாதாரணக் களைப்பு. அந்தக் களைப்பு எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று எப்படிச் சொல்வது! திரும்பிப் பார்த்தால் வளைவுக்குக் கீழே எங்கள் வெள்ளைக் கார், நான்கு ஜன்னலும் இறக்கியபடி, டெம்போவுக்குப் பின்னால் தவழ்ந்து வந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு கை நீண்டிருந்தது. கையில் ஏதோ கம்பி தொங்கியது. நான் போன பிறகு தெர்மாமீட்டரை வெளியே நீட்டிப் பார்த்திருக்கிறார். இருபத்தொன்றரை காட்டியதாம். அதை இரவு சாப்பிடும்போதுதான் சொன்னார், அதுவும் திருடிவிட்டு ஒப்புக்கொள்வது போல.

தடுப்பில் காத்திருந்து நான் வண்டியில் ஏறிக்கொண்டேன். அதைத் தாண்டி ஊருக்குள் காலி ரோட்டில் கொஞ்ச தூரம் ஓடியதும் டாஷ்போர்டு 29, 26, 23 என்று மளமளவென்று இறங்கியது. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். பிறகு அவர்தான் முதலில் சிரித்தார்.

ஊரைப் பற்றி: அறை ஒரு இரவுக்கு ₹3,200, மலைப்பக்க பால்கனியோடு. ஏசி இல்லை, இரவு கம்பளி தேவைப்பட்டது. பழைய தேவாலயம், சின்ன ஏரி, பள்ளத்தாக்கைப் பார்க்கும் மேடு, இந்த மூன்றையும் நடந்தே பார்க்கலாம். நான் நடந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை மேடு வரை போய்வர இரண்டரை கிலோமீட்டர். மதியம் வெயில் ஏறியபோது கண் லேசாக மங்கியது. "எனக்குப் போதும்" என்று நானே சொல்லி, ஒரு மரத்தடியில் உட்கார்ந்து ஜெல் பையை வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் தெளிந்தது. பாண்டியன் பக்கத்தில் உட்கார்ந்து என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார், பதறவில்லை. அந்த மனிதருக்கு அது எவ்வளவு பெரிய வேலை என்று எனக்குத்தான் தெரியும்.

இனி போகிறவர்களுக்கு. போகவர எங்களுக்குப் பெட்ரோல் ₹3,400, சுங்கம் ₹600-க்குள். சனிக்கிழமை போவதாக இருந்தால் பத்து மணிக்குள் தடுப்பைத் தாண்டப் பாருங்கள், முடிந்தால் வார நாளில் போங்கள். ஸ்வெட்டர் ஒன்று அவசியம், ஜூன் மாதம்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

காரின் அந்த எண்ணைப் பற்றியும் சொல்லவேண்டும், திரும்பி வந்து வண்டியோடு தந்த புத்தகத்தை முதல் முறையாகப் பிரித்துப் படித்தோம். பெரும்பாலான கார்களில் முன் பம்பருக்குப் பின்னால், கிரில் பக்கத்தில், சுண்டைக்காய் அளவுக்கு ஒரு சென்சார் இருக்கிறது. சிலவற்றில் பக்கக் கண்ணாடிக்கு அடியில். சூடு கூடினால் அதன் மின்தடை குறையும், அதைப் படித்துத்தான் வண்டி டிகிரியாகக் காட்டுகிறது. வண்டி ஓடும்போது எதிர்காற்று படுவதால் ஓரளவு சரியாக இருக்கும். நின்றாலோ தவழ்ந்தாலோ ரேடியேட்டர் சூடு, தார்ச் சூடு, முன்வண்டிப் புகை எல்லாம் அதன் தலையில்தான். கம்பெனிக்காரர்களுக்கும் இது தெரியும். அதனால் மெதுவாகப் போகும்போது எண் ஏறாமல் பல வண்டிகளில் பிடித்து வைக்கிறார்கள், நிறுத்திவிட்டு உடனே கிளப்பினால் பழைய எண்ணையே காட்டுகிறார்கள். ஆனால் சென்சாரே வெந்துகொண்டிருக்கும்போது எண் இறங்குவதற்கு எந்த ஏற்பாடும் கிடையாது. ஏசி போட்டால் அதன் வெப்பமும் முன்பக்கமாகத்தான் வெளியேறுகிறது. என்னைக் குளிர்விக்க ஓடிய ஏசியும் சேர்ந்துதான் அந்த முப்பத்து மூன்றை அங்கேயே உட்கார வைத்திருந்தது. ஆகவே எண்ணை நம்புவதென்றால் நல்ல வேகத்தில் சில நிமிடம் ஓடிய பிறகு நம்புங்கள். நிற்கும்போது ஜன்னலைத் திறந்து கையை நீட்டுங்கள்.

திங்கட்கிழமை காலை திரும்பும்போது அதே கங்கை அணையைத் தாண்டி அதே இடத்தில் பாண்டியன் ஓரம்கட்டினார். டாஷ்போர்டு 36. நல்ல வேகத்தில் ஓடி வந்த எண், சரியாகத்தான் இருக்கும். போனை எடுத்துக்கொண்டு இறங்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் தன் பக்கக் கதவில் ஜன்னல் பூட்டுப் பொத்தானை விடுவித்தார்.

நான் ஜன்னலை முழுதாக இறக்கினேன். அனல் காற்று முகத்தில் அடித்தது. அதோடு சேர்ந்து ஆற்று ஈரமும் வந்தது. மணல்திட்டில் இரண்டு கொக்குகள் நின்றன. தண்ணீர் சத்தம் கேட்டது. வீடியோவில் அந்தச் சத்தம் இருக்கவில்லை, அல்லது நான் கவனிக்கவில்லை.

அவர் டாஷ்போர்டு பக்கமே திரும்பவில்லை.

"எப்பிடி இருக்கு செல்வி ஒனக்கு?" என்று கேட்டார்.

இரண்டு வருடமாக இதை அவர் காரிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தார். "சூடாத்தான் இருக்கு" என்றேன். "ஆத்தப் பாத்துட்டு நானே மூடிக்கிறேன்."